கருப்பட்டியின் கருமை

திண்டிவனத்தைக் கடந்து விழுப்புரம் நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் மயிலத்துக்குச் சாலை பிரியும் இடம் கூட்டேரிப்பட்டு. பேருந்துப் பயணிகளில் பெரும்பாலோருக்கு அது ஒரு நிறுத்தத்தின் பெயர், அவ்வளவே. ஆனால் அதைச் சுற்றியுள்ள ஏரிக்கரைகளையும் வயல் வரப்புகளையும் கண்ணெடுத்துப் பார்ப்பவருக்கு, இது பனையின் நாடு என்பது சொல்லாமலே விளங்கும். விக்கிரவாண்டியை அடுத்த பூரிகுடிசை போன்ற ஊர்களில் பனையேறும் தொழில் இன்றும் உயிரோடிருக்கிறது. கோடையில் இவ்வட்டாரச் சாலையோரங்களில் நுங்கும் பதநீரும் வருகின்றன, கூடவே பனைவெல்லமும். தென்மாவட்டத்தார் கருப்பட்டி என்று சொல்லும் அதே பொருள்தான்.

ஒரே ஊரில், ஒரே பருவத்தில், ஒரே மரத்தோப்பிலிருந்து இறக்கிக் காய்ச்சிய பனைவெல்லம் எல்லாம் ஒரே நிறத்தில் இருப்பதில்லை. ஒரு கொட்டாங்குச்சியில் தேன்நிறம். மற்றொன்றில் புளியின் பழுப்பு. இன்னொன்றில் தார்போன்ற கருமை. வாங்க வருபவர்கள் இதைக் கண்டு இரண்டு விதமாக முடிவுகட்டுகிறார்கள். முந்தைய தலைமுறையினர் கறுத்துப் போனதைத் தீய்ந்தது, மட்டம் என்று ஒதுக்கினார்கள். இன்றைய நகரவாசி நேர்மாறாக, கறுத்ததுதான் கலப்படமற்றது, வெளுத்ததில் ஏதோ மருந்து சேர்த்திருக்கிறார்கள் என்று நம்புகிறார். இரண்டு முடிவுகளுக்கும் விலை கொடுப்பவர் பனையேறி. ஆகவே இந்த நிறம் எங்கிருந்து வருகிறது, அதற்கு நாம் ஏற்றிவைத்திருக்கும் மதிப்புகள் எங்கிருந்து வந்தன என்பதைச் சற்று நிதானமாகப் பார்ப்பது பயனுடையது.

முதலில் பெயர். கருப்பட்டி கருப்பாக இருப்பதால் அப்பெயர் பெற்றது என்று கருதுவது இயல்பு. ஆனால் இச்சொல்லின் முழு வடிவம் கருப்புக்கட்டி. இரும்பு என்னும் சொல் வேறொரு சொல்லோடு சேரும்போது இருப்பாகி, இருப்புப்பாதை என்றாவதுபோல, கரும்பு என்பதும் கருப்பு என்று திரியும். மன்மதனின் கரும்பு வில்லைக் கருப்புவில் என்று புலவர்கள் பாடியது நிறத்தைக் கருதியன்று. அவ்வாறே கருப்புக்கட்டி என்பது கரும்பின் கட்டி என்று பொருள்படுவதே இலக்கணத்துக்கு இசைவானது. கருமை நிறத்தைக் குறிக்கும் 'கறுப்பு' வல்லின றகரம் பெற்று வருவது. தொல்காப்பியம் கறுப்பையும் சிவப்பையும் சினத்தைக் குறிக்கும் சொற்களாகவும் நிறத்தைக் குறிக்கும் சொற்களாகவும் சொல்கிறது. கரும்பின் பெயரைப் பனையின் பண்டம் கடன்வாங்கிக்கொண்டது. பின்னர் பொருளின் நிறமும் சொல்லின் ஒலியும் ஒன்றையொன்று தழுவிக்கொள்ள, மூலப்பொருள் மறைந்து நிறம் மட்டும் மனத்தில் நின்றுவிட்டது. பெயரிலேயே கருமை இருப்பதாகத் தோன்றுவதால், கருமையே கருப்பட்டியின் இயல்பு என்றும் எண்ணத் தலைப்பட்டோம்.

இயல்பு அதுவன்று. பாளையிலிருந்து சொட்டும்போது பனஞ்சாறு ஏறக்குறைய நிறமற்றது. அதில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவுக்குச் சர்க்கரை உண்டு. அதுவும் அநேகமாக முழுவதும் சுக்ரோஸ் என்னும் வகை. சுக்ரோஸ் என்பது குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் ஆகிய இரண்டு எளிய சர்க்கரைகள் கைகோத்து நிற்கும் ஒரு கூட்டு. கை கோத்திருக்கும்வரை அது கொதிநிலையைச் சற்றுத் தாண்டிய சூட்டிலும் பெரிதாக நிறம் மாறாது. கை பிரிந்தால்தான் தொல்லை. பிரிந்த எளிய சர்க்கரைகள், குறிப்பாக ஃபிரக்டோஸ், நூற்றுப் பத்துப் பாகை வெப்பத்திலேயே கருகத் தொடங்கும். அதோடு, சாற்றில் இயல்பாக உள்ள அமினோ அமிலங்களோடு அவை சேர்ந்து பழுப்புநிறப் பொருள்களை உண்டாக்கும். லூயி கமீய் மைலார் என்ற பிரெஞ்சு அறிஞர் 1912ஆம் ஆண்டில் விவரித்த இந்த வினைதான் தோசையின் முறுகலுக்கும், வறுத்த காப்பிக்கொட்டையின் நிறத்துக்கும், ரொட்டியின் மேலோட்டுக்கும் காரணம். பனைவெல்லத்தின் மணத்தில் பெரும்பங்கும் இவ்வினையின் கொடைதான்.

அப்படியானால் சுக்ரோஸின் கையைப் பிரிப்பது எது? காலமும் வெம்மையும், அவற்றுக்குள் வாழும் நுண்ணுயிர்களும். பாளையைச் சீவிய கணத்திலிருந்தே காற்றிலும் கலயத்திலும் உள்ள ஈஸ்டுகளும் பாக்டீரியாக்களும் சாற்றில் இறங்கிவிடுகின்றன. அவை சுக்ரோஸை உடைத்து உண்டு, சாராயத்தையும் அமிலத்தையும் வெளியிடுகின்றன. அமிலம் கூடக்கூட, அடுப்பில் ஏற்றியபின் மிச்சமுள்ள சுக்ரோஸும் வேகமாக உடையும். கள் வேண்டுபவருக்கு இது வரம். வெல்லம் வேண்டுபவருக்குச் சாபம். நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படை இந்த ஓய்மானாட்டுப் பகுதிக்கே உரிய பாட்டு. அதன் தலைவன் நல்லியக்கோடனுக்குரிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தின் ஒரு பகுதி. அப்பாட்டில் நெய்தல் நிலத்துப் பெண்கள் நாட்பட்ட தேறலை அரித்துக் கொடுக்கிறார்கள். நாட்படுதல் அங்கே பெருமை. வெல்லம் காய்ச்சும் குடிசையில் அதுவே இழப்பு.

இந்த இடத்தில்தான் சுண்ணாம்பு வருகிறது. கலயத்தின் உட்புறத்தில் சுண்ணாம்பு தடவிக் கட்டினால், சொட்டும் சாறு காரத்தன்மை பெற்று, நுண்ணுயிர்களின் வேகம் தணிகிறது. சாறு பதநீராக நிற்கிறது. ஆனால் சுண்ணாம்பும் இருமுனைக் கத்தி. குறைவாகத் தடவினால் சாறு புளிக்கத் தொடங்கும்; புளித்த சாறு பாகில் கறுக்கும், கட்டியாக இறுகாமல் பிசுபிசுக்கும். மிகுதியாகத் தடவினால், உடைந்திருக்கும் சிறிதளவு எளிய சர்க்கரைகளும் அந்தக் காரத்தில் கொதிக்கும்போது சிதைந்து கருநிறப் பொருள்களாகும். வெல்லம் கறுப்பதோடு கைப்பும் ஏறும். மைலார் வினைக்கும் காரம் ஊக்கமளிக்கும். ஆக, சுண்ணாம்பு குறைந்தாலும் கருமை, கூடினாலும் கருமை. நடுவிலுள்ள அந்தக் குறுகிய இடத்தை அளவுகோல் இன்றி, விரலால் தடவியே பிடிப்பதுதான் பனையேறியின் கைப்பக்குவம். இறக்கிய பதநீரைத் தெளியவைத்து, அடியில் தங்கிய சுண்ணாம்பை நீக்கி, வடிகட்டி ஊற்றுவதும் அதே கவலையால்தான்.

அடுப்பில் நடப்பது மூன்றாவது கட்டம். எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீரைச் சுண்டக் காய்ச்சினால் ஏறத்தாழ ஒரு கிலோ வெல்லம் கிடைக்கும். மற்றதெல்லாம் ஆவி. பல மணிநேரம் பிடிக்கும் இவ்வேலைக்குப் பனையின் காய்ந்த ஓலையும் மட்டையும் முள்விறகும்தான் எரிபொருள். ஓலைத் தீ பொங்கி எழுந்து சட்டென்று தணியும். தீ மெதுவாக எரிந்தால் சாறு நெடுநேரம் சூட்டில் கிடந்து நிறம் ஏறும். கடைசிக் கட்டத்தில் தீ மிகுந்தால் பாகு அடிப்பிடிக்கும். நுரை பொங்கி வழியாமலிருக்க ஆமணக்கு விதையை நசுக்கிப் போடுவது பழைய வழக்கம். பாத்திரத்துக்கும் பங்கு உண்டு. இரும்புக் கொப்பரையில், சாற்றிலுள்ள துவர்ப்புப் பொருள்கள் இரும்போடு சேர்ந்து நிறத்தை மேலும் மங்கச் செய்யும். வெல்லமான பின்னும் கதை முடிவதில்லை. ஈரக்காற்றில் வைத்த கட்டி நீர் உறிஞ்சி இளகி, மாதங்கள் செல்லச் செல்லக் கறுக்கும். பரணில் அடுப்புப் புகை படும் இடத்தில் சேமித்த வெல்லத்துக்குக் கூடுதலாக ஒரு நிறம்.

ஆகவே ஒரு வெல்லக்கட்டியின் நிறம் என்பது, மரத்துக்கும் அடுப்புக்கும் இடையில் கழிந்த நேரத்தின் கணக்கு. மாசியின் விடியற்குளிரில் இறக்கிய சாறு தெளிவாக இருக்கும். கத்திரி வெயிலில் பகலெல்லாம் மரத்தில் தொங்கிய கலயத்துச் சாறு அவ்வளவு தெளிவாக இராது. ஐந்து மரம் ஏறி உடனே காய்ச்சுபவரின் வெல்லமும், முப்பது மரம் ஏறி இறங்கியபின் காய்ச்சுபவரின் வெல்லமும் ஒரு நிறத்தில் இருக்க முடியாது. முப்பது மரம் ஏறுபவர் அக்கறையற்றவர் அல்லர். அவருக்கு உதவிக்கு ஆளில்லை, அவ்வளவே.

உலகின் மறுபக்கத்தில் இதே கதை பனியின் நடுவே நிகழ்கிறது. கனடாவிலும் அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களிலும் குளிர்காலம் முடியும் தறுவாயில் மேப்பிள் மரத்தில் துளையிட்டுச் சாறு எடுக்கிறார்கள். அதில் சர்க்கரை நூற்றுக்கு இரண்டு பங்குதான். ஒரு லிட்டர் பாகுக்கு நாற்பது லிட்டர் அளவுக்குச் சாறு வேண்டும். நீரின் கொதிநிலைக்கு நான்கு பாகை மேலே சென்றதும் பாகு பதம். பருவத் தொடக்கத்தில், இரவு உறைந்து பகல் உருகும் நாள்களில் எடுத்த சாறு இளம்பொன் நிறப் பாகாகிறது. இளவேனில் நெருங்க நெருங்கச் சாற்றில் பாக்டீரியாக்கள் பெருகி, சுக்ரோஸை உடைக்க, பாகு கருக்கிறது. வீட்டுக் கொல்லையில் இரண்டு மூன்று மரங்களில் மட்டும் சாறெடுத்து, போதிய அளவு சேரும்வரை நாள்கணக்கில் காத்திருந்து, சமையலடுப்பில் மெல்லக் காய்ச்சுபவர்களின் பாகு பெரும்பாலும் கறுப்பாக வருவதும் இதனால்தான். பனிக்கும் வெயிலுக்கும் இடையே இவ்வளவு தொலைவிருந்தும், சர்க்கரையின் விதி ஒன்றுதான்: காத்திருந்த சாறு கறுக்கும்.

மேப்பிள் பாகின் தரவரிசை வரலாறு நமக்கு மேலும் பயன்படும். அங்கே வெகுகாலம் வெளுத்த பாகே உயர்ந்தது. வெர்மான்ட் மாநிலத்தில் அதன் தரப்பெயரே 'ஃபேன்சி'. ஒரு காலத்தில் மேப்பிள் சர்க்கரை, விலையுயர்ந்த கரும்புச் சர்க்கரைக்கு மாற்றாக விளங்கியது. 1790களில் அடிமைமுறையை வெறுத்த பெஞ்சமின் ரஷ் போன்றவர்கள், அடிமைகளின் உழைப்பில் விளைந்த கரும்புச் சர்க்கரையை விடுத்து மேப்பிளுக்கு மாறலாம் என்று வாதிட்டார்கள். மாற்றுப்பொருளுக்கு வேண்டிய தகுதி தன் மணத்தை மறைத்துக்கொள்வது. வெள்ளைச் சர்க்கரை மலிந்து, மேப்பிள் தன் மணத்துக்காகவே வாங்கப்படும் பொருளாகிய பின்னும் பழைய வரிசை நெடுங்காலம் நீடித்தது. 2015ஆம் ஆண்டில்தான் அமெரிக்க வேளாண்துறை அதை மாற்றி, பொன், அம்பர், கருமை, அடர்கருமை ஆகிய நான்கு நிறங்களையும் ஒரே முதல்தரத்தின் நான்கு வகைகளாக்கியது. கருமை குறையாக இருந்த நிலை மாறி, ஒரு சுவையின் பெயராயிற்று.

நம் பக்கம் கதை அவ்வளவு அமைதியாகச் செல்லவில்லை. இங்கே பனஞ்சாற்றின் மேல் அரசின் கண் எப்போதும் இருந்தது. 1886ஆம் ஆண்டின் சென்னை ஆப்காரிச் சட்டத்துக்குப் பின் கள் இறக்கும் மரம் வருவாய் தரும் மரமாயிற்று, மரத்துக்கு வரி. ஆனால் வெல்லத்துக்கான இனிப்புச் சாற்றுக்கு அவ்வரி இல்லை. இரண்டும் ஒரே மரத்தில், ஒரே பாளையில், ஒரே கலயத்தில் சொட்டுவன. அதிகாரி எதைக்கொண்டு வேறுபாடு காண்பார்? சுண்ணாம்பைக்கொண்டுதான். சுண்ணாம்பு தடவிய கலயம் வெல்லக் கலயம். தடவாதது கள் கலயம். வெல்லம் காய்ச்சுபவரின் கைப்பக்குவத்துக்கு உரியதாயிருந்த சுண்ணாம்பு, இவ்வாறு சட்டத்தின் சாட்சியாக மாறியது. இந்த மாற்றத்தின் விளைவு நுட்பமானது. நல்ல நிற வெல்லம் வேண்டுபவர் சுண்ணாம்பைக் குறைத்துத் தடவ விரும்புவார். வழக்குக்கு அஞ்சுபவர் கூட்டித்தான் தடவுவார். குறைந்த சுண்ணாம்பால் வரும் நட்டம் ஒருநாள் வெல்லம். அதிகாரியின் ஐயத்தால் வரும் நட்டம் தொழிலே. எந்தப் பக்கம் கை சாயும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

மதுவிலக்கு இந்த நெருக்கடியை மேலும் இறுக்கியது. 1937ஆம் ஆண்டில் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. அதை மாகாணம் முழுவதும் விரித்தவர், கூட்டேரிப்பட்டுக்கு அயலூர்க்காரர் என்றே சொல்லத்தக்கவர். திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த ஓ. பி. ராமசாமி ரெட்டியார் 1947 முதல் 1949 வரை சென்னை மாகாணப் பிரதமராக இருந்தார். 1948 அக்டோபர் 2ஆம் நாள் மாகாணம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறைக்கு வந்தது. எளிமைக்கும் நேர்மைக்கும் இன்றுவரை எடுத்துக்காட்டாகப் பேசப்படும் அம்மனிதரின் இந்த ஆணை, அவர் வளர்ந்த மண்ணின் பனையேறிகளையே நேராகத் தொட்டது. கள் இறக்கிப் பிழைத்தோருக்கு எஞ்சிய வழி பதநீரும் வெல்லமும். அரசும் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகப் பனைவெல்லத் தொழிலை வளர்த்து அவர்களுக்கு வாழ்வளிக்க முயன்றது. முயற்சியை மதிக்க வேண்டும். ஆயினும் கள் அன்றன்றே காசாகும், விறகு கேட்காது, காய்ச்ச ஆள் கேட்காது. வெல்லம் மூன்றையும் கேட்கும். கேட்பதோடு, நிறம் குறைந்தால் விலையையும் குறைக்கும். பின்னர் 1971இல் மதுவிலக்கு தளர்ந்து சில ஆண்டுகளில் திரும்பி வந்ததும், 1981இல் மீண்டும் கள்ளுக்கடைகள் திறந்ததும், 1987இல் கள் மறுபடி தடைசெய்யப்பட்டதும் பலர் நினைவில் இருக்கும். ஒவ்வொரு திருப்பத்திலும் மரத்தடியில் நின்ற மனிதர் தம் கலயத்தில் சுண்ணாம்பைத் தடவவோ துடைக்கவோ வேண்டியிருந்தது.

நிறத்துக்கு விலை நிர்ணயித்தவர் யார் என்ற கேள்விக்கு, இங்கிருந்து தெற்கே கடலூர்ப் பக்கம் உள்ள நெல்லிக்குப்பத்தை நோக்க வேண்டும். 1993இல் விழுப்புரம் தனி மாவட்டமாகும் வரை இரண்டும் ஒரே தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. பாரி நிறுவனம் 1840களில் நெல்லிக்குப்பத்தில் சர்க்கரை ஆலையை நிறுவியது. அந்த ஆலையின் பசிக்கு அன்று கரும்பு மட்டும் போதவில்லை. நாட்டுப்புறத்தில் காய்ச்சிய வெல்லத்தை, பனைவெல்லம் உட்பட, வாங்கிக் கரைத்துச் சுத்திகரித்து வெள்ளைச் சர்க்கரையாக்கினார்கள். ஆலைக்கு வேண்டியது படிகமாகக்கூடிய சுக்ரோஸ். கறுத்த வெல்லத்தில் அது குறைவு. உடைந்த சர்க்கரை படிகமாகாமல் கழிவுப்பாகில் போய்விடும். எனவே ஆலைக் கணக்கில் கருமை உண்மையான குற்றம்தான். நாம் கவனிக்க வேண்டியது, ஆலைக்குக் குற்றமானது சமையலறைக்கும் குற்றமாகிவிட்டது என்பதை. பானகத்துக்கும் சுக்குக் காப்பிக்கும் வெல்லம் வாங்குபவருக்குப் படிகம் எதற்கு? ஆனால் சந்தையில் ஆலையின் கண்ணே அனைவரின் கண்ணாயிற்று.

உலகச் சந்தையும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சர்க்கரையை வகைப்படுத்த 'டச்சுத் தரம்' என்றொரு முறை இருந்தது. கருஞ்சர்க்கரை முதல் வெண்சர்க்கரை வரை எண்ணிட்ட மாதிரிகளைக் கண்ணாடிக் குப்பிகளில் அடைத்து முத்திரையிட்டு வைத்திருப்பார்கள். துறைமுகத்தில் வந்திறங்கும் சரக்கை அக்குப்பிகளோடு ஒப்பிட்டு, கண்ணால் பார்த்தே வரி விதிப்பார்கள். எண் கூடினால் வெளுப்பு. வெளுப்புக் கூடினால் வரி. உடனே இறக்குமதிச் சரக்கில் வேண்டுமென்றே நிறமேற்றி, நல்ல சர்க்கரையைக் கறுப்பாகக் காட்டி வரியைக் குறைக்கிறார்கள் என்று 1870களில் அமெரிக்காவில் பெரும் பூசல் எழுந்தது. 1883ஆம் ஆண்டின் வரிச்சட்டத்தில், ஒளியைச் செலுத்திச் சுக்ரோஸின் அளவைக் காணும் கருவியின் சோதனையும் சேர்க்கப்பட்டது. நிறத்தை நம்பி விலைவைத்தால், நிறத்தை விற்க ஒருவன் வருவான் என்ற பாடம் அன்றே எழுதப்பட்டுவிட்டது.

வெளுப்பின் மேலாண்மையை இந்நாட்டில் எதிர்த்த குரல்களும் உண்டு. எலும்புக்கரி கொண்டு வெளுக்கப்பட்டது என்பதால் சீமைச் சர்க்கரையைச் சுதேசிக் காலத்தில் பலர் விலக்கினர். 1934இல் வார்தாவில் காந்தியடிகள் தொடங்கிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தில், தஞ்சையில் பிறந்த ஜே. சி. குமரப்பா ஆலைச் சர்க்கரைக்கு எதிராக வெல்லத்தின் பக்கம் நின்றார். கஜானன் நாயக் என்பார் பனைவெல்லத்துக்கே தம்மை ஒப்புக்கொடுத்தார். அவர்களுடைய வாதம் எளியது. கரும்பு நல்ல நிலத்தையும் நீரையும் உண்கிறது. பனை வேறெதற்கும் உதவாத நிலத்தில் நின்று, நீர் கேளாமல், அதே இனிப்பைத் தருகிறது. நிலத்தடி நீர் இறங்கிவரும் இக்காலத்தில் அவ்வாதத்தின் வலிமை கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை. ஆனால் அவர்களும் சுகாதாரமான, நல்ல நிறமுள்ள வெல்லத்தையே வேண்டினார்கள்; கருமையைப் போற்றவில்லை. சுண்ணாம்பைப் பாஸ்பேட் கொண்டு அளவாக நீக்கித் தெளிந்த சாற்றைக் காய்ச்சும் முறைகள் பின்னர்ப் பயிற்றுவிக்கப்பட்டதும் அந்நோக்கில்தான்.

இன்று காற்று திசைமாறி வீசுகிறது. பொங்கலுக்கு மஞ்சளாக மின்னும் வெல்லம் கேட்ட மக்களுக்காகக் கரும்பு வெல்ல ஆலைகளில் 'ஹைட்ரோஸ்' என்னும் வெளுப்புப் பொருள் புகுந்தது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு பத்து லட்சத்தில் எழுபது பங்குக்கு மேல் இருக்கலாகாது என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு விதி. மீறியவர்களைப் பற்றிய செய்திகள் பெருகவே, மஞ்சளைக் கண்டு அஞ்சிய மக்கள் கருமையில் அடைக்கலம் புகுந்தனர். அச்சம் நியாயமானது. அடைக்கலம் நியாயமானதன்று. ஏனெனில், வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்துக் கழிவுப்பாகு சேர்த்தால் எவ்வளவு கருமை வேண்டுமோ அவ்வளவு கருமையை வரவழைக்கலாம். டச்சுத் தரக் குப்பிகளின் காலத்துச் சூழ்ச்சி புதிய சந்தைக்கு ஏற்பத் திரும்பி வந்திருக்கிறது. கருமைக்கு விலை கொடுக்கிறோம், கருமையை விற்கிறார்கள்.

இதனோடு பிணைந்த இன்னொரு நம்பிக்கையையும் சொல்லிவிட வேண்டும். கருப்பட்டியின் கருமை அதிலுள்ள இரும்புச்சத்தின் நிறம் என்று பரவலாக எழுதப்படுகிறது. அது பெரும்பாலும் உடைந்த சர்க்கரை சூட்டில் பெற்ற நிறம். பனைவெல்லத்தில் தாது உப்புகள் வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதைவிட மிகுதி என்பது மெய்யே. ஆனால் கருமையின் அளவு அவற்றின் அளவைக் காட்டாது. எந்த நிறத்துப் பனைவெல்லமும் பெரும்பகுதி சர்க்கரைதான். நீரிழிவுடையோர் நிறத்தைப் பார்த்து ஏமாந்துவிடலாகாது.

நிறம் எதைத்தான் சொல்கிறது? தூய்மையைச் சொல்லவில்லை. தரத்தையும் அரைகுறையாகவே சொல்கிறது. கைக்குத் திடமாக, நாவில் கைப்பின்றி, மணத்தோடு இருக்கும் கருவெல்லம் குறையுடையதன்று. அதன் சாறு சற்றுக் காத்திருந்தது, அவ்வளவே. அதேபோல் இளநிறக் கட்டியைக் கண்டதும் மருந்து கலந்தது என்று முகம்சுளிப்பது, விடியுமுன் ஏறி, இறக்கிய கையோடு காய்ச்சிய ஒருவரின் உழைப்பை அவமதிப்பதாகும். நெருப்பின் முன் நெடுநேரம் உட்கார்ந்திருப்பவர் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண் என்பதையும் மறக்கலாகாது. மரமேறுபவரைப் பற்றி நம் இலக்கியமும் ஓரளவு பேசியிருக்கிறது. பாகின் பதம் பார்ப்பவரைப் பற்றி அதனினும் குறைவாகவே பேசியிருக்கிறது. கருமையா பொன்மையா என்பது கடைசியாகத் தீர்மானமாவது அவர் கையில்தான்.

பனை 1978 முதல் தமிழ்நாட்டின் மாநில மரம். 2021ஆம் ஆண்டு வேளாண்மைக்கெனத் தனியாக இடப்பட்ட முதல் நிதிநிலை அறிக்கையில் 76 லட்சம் பனை விதைகளும் ஒரு லட்சம் கன்றுகளும் வழங்கப்படும் என்றும், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்றும், நியாயவிலைக் கடைகளில் பனைவெல்லம் விற்கப்படும் என்றும் அறிவித்தார்கள். உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. விதை ஊன்றிய பனை பாளைவிடப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதற்குள் ஏறுபவர் எஞ்சியிருக்க வேண்டும். ஏறுபவர் எஞ்ச, அவர் காய்ச்சும் வெல்லத்துக்கு ஒழுங்கான விலை வேண்டும். மேப்பிள் நாட்டார் செய்ததுபோல நிறங்களை ஏற்ற இறக்க வரிசையாக அடுக்காமல் வகைகளாகப் பெயரிட்டு, சுக்ரோஸின் அளவையும் சுண்ணாம்பின் அளவையும் சோதித்துச் சொல்லும் ஒரு தரமுறை நமக்கும் இயலாததன்று.

அதுவரை வாங்குபவருக்கு ஒரு சிறு கணக்கு போதும். ஒரு கிலோவுக்கு எட்டிலிருந்து பத்து லிட்டர் பதநீர். அதற்குக் காலையும் மாலையுமாகப் பல மரங்களின் ஏற்றமும் இறக்கமும். பிறகு விறகு; பிறகு ஒருவரின் அரைநாள். இவ்வளவையும் கூட்டிப்பார்த்தபின், வெள்ளைச் சர்க்கரையின் விலைக்கு அருகிலேயே கருப்பட்டி கிடைக்கிறதென்றால், அதன் நிறம் எதுவானாலும் அதில் பனை இல்லை. கணக்குக்கு ஈடான விலை சொல்லப்படுகிறதென்றால், கட்டியின் நிறத்தைக் கொண்டு பேரம் பேசாதிருக்கலாம்.